“45 நாள் குட்டி சார்!” – நாய்க்குட்டி புரோக்கர்களின் பலே தில்லுமுல்லு

ஞாயிறு வாங்கிய குட்டி வெள்ளிக்கிழமை சாவு! “உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலை” என்று கைவிரிப்பு!

சென்னை,

பெரம்பூரில் குடியிருக்கிறார் ஒரு குமாஸ்தா. தனியார் கம்பெனியில் வேலை. ஒரே பெண். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

“நல்ல மார்க் வாங்கினா என்ன வேணும்?” என்று கேட்டார் அப்பா.

“நாய்க்குட்டி!” என்றாள் மகள்.

மகள் மார்க் வாங்கிவிட்டாள். அப்பா வாக்கைக் காப்பாற்றக் கிளம்பினார்.

செல்போனில் ஒரு விளம்பரம். வெல்வெட் மெத்தையில் மஞ்சள் நிற லேப்ரடார் குட்டி. கழுத்தில் சிவப்பு ரிப்பன். “வீட்டில் வளர்ந்த குட்டி. 45 நாள். தடுப்பூசி போட்டாச்சு. ஒரிஜினல் பேப்பர் உண்டு” என்று எழுதியிருந்தது.

போன் போட்டார். மறுமுனையில் தேன் ஒழுகும் குரல். “இன்னைக்கு ஒரு குட்டிதான் சார் பாக்கி. சாயங்காலம் ஒரு டாக்டரம்மா வர்றாங்க. உங்களுக்கு வேணும்னா இப்பவே வாங்க.”

ஓடினார். ஒரு சந்துக்குள் கடை. உள்ளே இரும்புக் கூண்டுகள். விளம்பரத்தில் பார்த்த மெத்தையையும் காணோம், ரிப்பனையும் காணோம். ஆனால் மஞ்சள் குட்டி இருந்தது. மகள் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் விரலை நக்கியது.

அவ்வளவுதான்! ரூ.14 ஆயிரம் ஜி-பேயில் பறந்தது. பில் இல்லை. பேப்பர் “பின்னால கூரியர்ல வரும்.”

அது நடந்தது ஞாயிற்றுக்கிழமை.

செவ்வாய் மாலை குட்டி பால் குடிக்கவில்லை. புதன் காலை வாந்தி. வியாழன் ரத்தபேதி. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசிக்கு மேல் ஊசி.

வெள்ளிக்கிழமை விடியற்காலை குட்டி செத்துப்போனது.

குட்டிக்கு 14 ஆயிரம். வைத்தியத்துக்கு 6 ஆயிரத்துக்கு மேல். மாதக் கடைசியில் வாங்கிய கடன் அது.

“நான் சரியா பார்த்துக்கலையாப்பா?” என்று கேட்டாளாம் அந்தப் பெண். “அந்தக் கேள்விக்கு நான் என்ன சார் பதில் சொல்றது?” என்று நம்மிடம் கண் கலங்கினார் குமாஸ்தா.

கடைக்காரருக்குப் போன் போட்டார். பதில் தயாராக இருந்தது.

“உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலை சார். பிஸ்கட் ஏதாவது குடுத்திருப்பீங்க. எங்ககிட்ட இருந்தவரைக்கும் குட்டி ஜம்முனு இருந்துச்சே!”

தண்ணியா? பிஸ்கட்டா?

இல்லை! இந்தக் குட்டியைக் கொன்றது ‘பார்வோ’ என்ற வைரஸ்.

1978-ம் ஆண்டு வாக்கில் உலகம் முழுவதும் நாய்களைத் தாக்கத் தொடங்கிய நோய் இது. குட்டிகளுக்குத்தான் எமன். வாந்தி, ரத்தபேதி, காய்ச்சல். உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் வற்றிவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வைரஸ் உடம்புக்குள் புகுந்ததும் அன்றைக்கே நோய் தெரியாது. பெரும்பாலும் 3 நாள் முதல் 7 நாள் வரை உள்ளேயே பதுங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் வாந்தி தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு வாங்கிய குட்டி செவ்வாயன்று படுத்துவிட்டது என்றால் நோய் எங்கே தொற்றியிருக்கும்? பெரம்பூர் வீட்டிலா? அதற்கு முன்பே, கூண்டிலா, வந்த வண்டியிலா? கடைக்காரர் சொன்ன “ஜம்முனு இருந்துச்சு” என்பது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். உள்ளே நோய் பதுங்கியிருந்த நாட்களில்தான் விற்பனை நடந்திருக்கிறது!

கதை இதோடு முடியவில்லை. கடைக்காரர் ஒரு சமாதானமும் சொன்னார். “சரி சார், உங்க முகத்துக்காக... ஒரு 5 ஆயிரம் மட்டும் குடுங்க. வேற குட்டி தர்றேன்.”

மகளின் அழுகையைப் பார்த்து அதற்கும் கிளம்பிவிட்டார் குமாஸ்தா. தடுத்து நிறுத்தியவர் கால்நடை டாக்டர்.

காரணம் இதுதான். பார்வோ வைரஸ் தரையிலும், துணியிலும், சோற்றுத் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பு, பினாயிலுக்கு மசியாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் 30 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துத் துடைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அடுத்த குட்டியைக் கொண்டுவந்தால், அதுவும் போகும். 5 ஆயிரமும் போகும்.

சந்தையில் நாம் கேட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குட்டி வாங்குகிறவர் போல நாமும் ஒரு சந்தைக்குப் போனோம். எந்தச் சந்தை என்று சொல்லப்போவதில்லை. நகரில் இது ஒரே இடத்துச் சங்கதி அல்ல.

பிரம்புக் கூடையில் நான்கு குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

“என்ன ஜாதி?”

“லேப் சார். ஒரிஜினல். டபுள் போன். காலைப் பாருங்க, எவ்வளவு கனம்!”

“எத்தனை நாள் குட்டி?”

“45 நாள் சார்.”

அடுத்த கூடை. சப்பை மூக்கு ‘பக்’ குட்டி. அதுவும் 45 நாள். அதற்கடுத்து வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு குட்டி. “பொமரேனியன் மேடம், 45 நாள்” என்று ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார் வியாபாரி.

சந்தையிலிருந்த எல்லாக் குட்டிகளும் ஒரே நாளில் பிறந்திருக்கின்றன! ஆச்சரியம்தானே?

நம் லேப் ஆசாமியிடம் திரும்பினோம். “தாய் எங்கே?”

முகம் மாறியது. “அது பண்ணையில இருக்கு சார்.”

“பண்ணை எங்கே?”

“ஆந்திரா பக்கம்.”

பத்து நிமிஷம் கழித்து, அதே கூடையைக் காட்டி, இன்னொருவரிடம் அதே ஆசாமி சொன்னார்: “எங்க மச்சான் வீட்டுல போட்ட குட்டி சார். பெங்களூர்ல.”

ஒரு தாய்க்கு இரண்டு ஊர்!

அது என்ன 45?

நாய்க்குட்டி வியாபாரத்தில் 45 என்பது ஒரு மந்திர எண். விளம்பரத்தைப் பார்த்தாலும், கடையில் கேட்டாலும் 45-தான்.

ஆனால் சட்டம் சொல்லும் எண் வேறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன. 8 வாரம் நிரம்பாத நாய்க்குட்டியை விற்கக்கூடாது என்பது விதி.

8 வாரம் என்றால் 56 நாள். அதாவது “45 நாள் குட்டி” என்று ஒருவர் கூவினால், “நான் சட்டத்துக்கு 11 நாள் முன்னாடியே விற்கிறேன்” என்று அவரே கூவுகிறார் என்று அர்த்தம்!

அந்த 45 நாளாவது உண்மையா என்றால், அதுவும் பல சமயம் இல்லை. 30, 35 நாள் குட்டிக்கும் 45 என்றே பெயர்.

ஏன் இந்த அவசரம்? சின்னக் குட்டிதான் பொம்மை மாதிரி இருக்கும். பார்த்தவுடன் குழந்தைகள் மயங்கும். நாள் ஏற ஏறச் சாப்பாடு, ஊசி, பூச்சி மருந்து என்று செலவு ஏறும். செத்துப்போனால் நஷ்டம் வியாபாரிக்கு. சாவதற்கு முன் விற்றுவிட்டால் நஷ்டம் வாங்கியவருக்கு!

அந்த 11 நாளில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தாய்ப்பால் மூலம் வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் வயது அது. தடுப்பூசியின் சக்தி இன்னும் முழுதாக ஏறியிருக்காது. இரண்டுக்கும் நடுவே குட்டி நிராயுதபாணியாக நிற்கும் நேரம். அந்த நேரத்தில் தாயிடமிருந்து பிரித்து, பத்து ஊர்க் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்தால் என்ன ஆகும்?

இன்னொன்றும் உண்டு. கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. தாய் கண்டிக்கும். அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி, பிறகு வீட்டுக் குழந்தையின் கையைக் கடித்துப் படிக்கிறது.

கை மாறிக் கை மாறி...

குட்டி போடவைப்பவர் ஒருவர். அவரிடம் மொத்தமாக வாங்குபவர் புரோக்கர். புரோக்கரிடம் வாங்குவது கடை. சில சமயம் நடுவில் இன்னும் ஒரு கை.

நாலு வீட்டுக் குட்டிகள், மூன்று பண்ணைக் குட்டிகள் எல்லாம் ஒரே கூண்டில் சேர்கின்றன. ஒன்றுக்கு நோய் இருந்தால் போதும். கூண்டில் உள்ள அத்தனைக்கும் பங்கு கிடைக்கும்.

குட்டியின் கதி இது என்றால், தாயின் கதி அதைவிட மோசம். பெண் நாய் 18 மாதம் நிரம்பிய பிறகுதான் இனப்பெருக்கத்துக்கு விடலாம், 12 மாதத்தில் ஒரு முறைக்கு மேல் குட்டி போடவைக்கக் கூடாது, வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன. பணம் ஒன்றே குறியாக இருப்பவர் கையில் அகப்பட்ட தாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எலும்பும் தோலுமாக, முலை தொங்கிப்போய்க் கூண்டுக்குள் கிடக்கும். அதனால்தான் “தாய் எங்கே?” என்றால் முகம் மாறுகிறது. தாயைப் பார்த்தால் குட்டியை வாங்க மாட்டீர்கள்!

இங்கிலாந்தில் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. ‘லூசி’ என்று ஒரு பெண் நாய். குட்டி போடும் எந்திரமாகப் பண்ணையில் அடைபட்டுக் கிடந்தது. 2013-ல் மீட்டார்கள். முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. 2016-ல் இறந்தது. அதன் பெயராலேயே ‘லூசி சட்டம்’ 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை அங்கே இடைத்தரகர் விற்க முடியாது. வளர்ப்பவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019 முதல், செல்லப்பிராணிக் கடைகள் காப்பகங்களிலிருந்து வந்த நாய்களைத் தவிர வேறு நாய்களை விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது.

நம் ஊரிலோ கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

புரோக்கர் அகராதி

மூர் மார்க்கெட் இருந்த காலத்திலேயே, குருவிக்குப் பச்சைச் சாயம் பூசிக் கிளி என்று விற்ற கதையைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போய்விட்டது. சாயம் பூசும் வித்தை மட்டும் எரியவில்லை. இப்போது குட்டியின்மேல் பூசுவதில்லை, வார்த்தையில் பூசுகிறார்கள்.

“டீ கப் நாய்”: அப்படி அங்கீகரிக்கப்பட்ட ஜாதியே கிடையாது. மெலிந்து, வளர்ச்சி குன்றிப் பிறந்த குட்டிக்கும், நாள் குறைந்த குட்டிக்கும் வைத்த செல்லப்பெயர். மூன்று மாதத்தில் “டீ கப்” தண்ணீர்க் குடம் அளவுக்கு வளர்ந்தும் நிற்கலாம்!

“பொமரேனியன்”: நம் ஊரில் இந்தப் பெயரில் காலங்காலமாகக் கைமாறுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். நல்ல நாய்தான். ஆனால் ஸ்பிட்ஸ் விலைக்கு ஸ்பிட்ஸ் வாங்க வேண்டும். பொமரேனியன் விலைக்கு அல்ல.

“இம்போர்ட்டட் குட்டி”: வியாபாரத்துக்காகக் குட்டி போடவைக்க வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்ய 2016-ல் மத்திய அரசு தடை விதித்தது. “ரஷ்யாவிலிருந்து போன வாரம் வந்தது” என்றால், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

“பேப்பர் உள்ளது, பேப்பர் இல்லாதது”: ஒரே கூண்டிலுள்ள குட்டிக்கு இரண்டு விலை! கே.சி.ஐ. எனப்படும் கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் தலைமையகமே நம் சென்னையில்தான். அதன் சான்றிதழில் தாய், தகப்பன் பெயர், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண் இருக்கும். சிப் என்பது தோலுக்கடியில் வைக்கும் அரிசி அளவு சாதனம். கருவியை வைத்தால் 15 இலக்க எண் தெரியும். காகித எண்ணும் குட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இன்னொன்று: சான்றிதழ் வம்சத்துக்குத்தான், ஆரோக்கியத்துக்கு அல்ல.

“தடுப்பூசி போட்டாச்சு”: ஒரு ஊசி போட்டால் முடிந்துபோகிற சங்கதி அல்ல இது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை போடவேண்டும். புத்தகத்தில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பேனாவால் டிக் அடித்திருந்தால் அது தடுப்பூசி அல்ல, பேனா ஊசி!

“ஏ.சி. வேண்டாம் சார், பழகிடும்”: ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற பனிப்பிரதேச நாய்களை விற்கும்போது சொல்லும் வசனம். அக்கினி நட்சத்திர வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்க, விற்றவர் வரமாட்டார்.

பார்க்காத குட்டிக்குப் பணம்

இது புதுவகை மோசடி. கடையே கிடையாது. குட்டியும் கிடையாது. இருப்பது ஒரு போட்டோவும் ஒரு செல்போனும்தான்.

“வெளியூருக்கு மாற்றலாகிப் போறோம். குட்டியைச் சும்மாவே தர்றோம். விமானச் செலவு 3 ஆயிரம் மட்டும் அனுப்புங்க.”

அனுப்பினால், “கூண்டுக்கு 5 ஆயிரம், திரும்பக் கிடைத்துவிடும்.” அதையும் அனுப்பினால், “ஏர்போர்ட்டில் குட்டி மாட்டிக்கொண்டது, இன்சூரன்ஸ் கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள்மேல் கேஸ் வரும்.” கடைசியில் போன் ‘சுவிட்ச் ஆப்’.

இப்படி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன செய்யும்?

நாய் இனப்பெருக்கம் செய்பவரும், செல்லப்பிராணிக் கடை வைத்திருப்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். “பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க” என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. முதல் தடவைக் குற்றத்துக்கு அதில் எழுதிய அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரை. 14 ஆயிரத்துக்குக் குட்டி விற்கிறவருக்கு இது டீச் செலவு!

வாங்கியவருக்குக் கைகொடுப்பது வேறு சட்டம். அதுதான் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

பில் தர மறுப்பது இந்தச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட நாளுக்குள், நாள் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் முறையற்ற வியாபாரம். “விற்ற குட்டி வாபஸ் கிடையாது” என்று போர்டு மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லும் விளம்பரமும் குற்றம்தான்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 2 வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும்.

ஆனால் கையில் அத்தாட்சி வேண்டும். விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டாக்டரின் சீட்டு. பெரம்பூர் குமாஸ்தாவிடம் பணம் அனுப்பிய விவரம் இருந்தது. விளம்பரத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை. குட்டி செத்த மறுநாள் தேடினார். விளம்பரம் மாயம்!

கடைக்காரர் கட்சி

எல்லா வியாபாரியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயம் அல்ல. பல வருஷமாகச் செல்லப்பிராணிக் கடை நடத்தும் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். இப்போது அவர் கடையில் நாய்க்குட்டி விற்பதில்லை. தீனி, பெல்ட், மருந்து மட்டும்தான்.

“ஏன் அண்ணே விட்டுட்டீங்க?” என்று கேட்டோம்.

“56 நாள் ஆன குட்டியைக் காட்டினா, ‘பெருசா இருக்கே, சின்னதா இல்லையா?’ன்னு ஜனங்களே கேக்கறாங்க தம்பி. பில் போட்டா, ‘பில் இல்லாம எவ்வளவு குறைப்பீங்க?’ங்கறாங்க. பக்கத்துல இருக்கறவன் 30 நாள் குட்டியைப் பாதி விலைக்கு விக்கறான். நியாயமா விக்கறவன் எப்படி நிக்கறது?”

அவர் கேட்டதில் நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது. அவசரப்பட்டு, பில் வேண்டாம் என்று, சின்னதாகக் கேட்டு வாங்குகிற நாம் இருக்கும்வரை புரோக்கருக்குக் கொண்டாட்டம்தான்.

வாங்குமுன் பாருங்கள்!

1. தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். தாயிடம் குட்டி போய்ப் பால் குடிக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கும் ஒரு நாயைக் காட்டுவார்கள்!

2. 56 நாள் ஆனதா? வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்கு 28 பால்பற்களும் ஏறக்குறைய வந்திருக்கும். முன்பல் மட்டும் எட்டிப் பார்த்தால் அது பச்சைக்குட்டி.

3. முதல் நாளே பணம் கொடுக்காதீர்கள். “சாயங்காலம் டாக்டரம்மா வர்றாங்க” என்றால், வரட்டும்! இரண்டாவது தடவை, சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

4. கண்ணில் பீளை, மூக்கில் சளி, ஊதிய வயிறு, வாலடியில் ஈரம் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். பக்கத்துக் கூண்டையும் பாருங்கள். ஒன்று சோர்ந்து கிடந்தாலும் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

5. பில்லில் குட்டியின் ஜாதி, பிறந்த தேதி, விலை, விற்றவர் முகவரி எழுதி வாங்குங்கள். “45 நாள்” என்று வாயால் சொன்னவர், தேதியைக் கையால் எழுதித் தருகிறாரா பாருங்கள்.

6. வாங்கியவுடன் நேரே கால்நடை டாக்டரிடம் போங்கள். மாநகராட்சி லைசென்சும் எடுத்துவிடுங்கள்.

7. “பாவம், இதைக் காப்பாற்றலாம்” என்று நோயாளிக் குட்டியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தக் காசில் அடுத்த கூடை வந்து இறங்கும். புகார் கொடுங்கள்.

காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றும் இல்லை. புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வீடு கேட்டுக் காத்திருக்கும் குட்டிகள் ஏராளம். நம் மண்ணுக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று சொந்த ஜாதிகளும் உண்டு. ஆனால் அவை ஓடியாட இடம் கேட்கும் நாய்கள்; ஒண்டுக்குடித்தனத்துக்கு யோசிக்க வேண்டும். அவற்றின் பெயரைச் சொல்லியும் கலப்புக் குட்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: தாய் எங்கே?

மீண்டும் பெரம்பூர்

போன வாரம் குமாஸ்தா வீட்டுக்கு மறுபடி போனோம். வாசலில் ஒரு குரைப்புச் சத்தம். செம்பழுப்பு நிறத்தில், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது தொங்கிய குட்டி, நம் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது.

“பிளீச்சிங் போட்டு வீடு முழுக்கக் கழுவினோம். டாக்டர் சொன்ன மாதிரி மாசக்கணக்காப் பொறுத்தோம். ஆபீஸ் பக்கத்து டீக்கடையில போட்ட குட்டி சார் இது. அறுபது நாள் ஆகறவரைக்கும் தாய்கிட்டயே விட்டுட்டு, பாப்பாவைக் கூட்டிட்டு வாரா வாரம் போய்ப் பார்த்துட்டு வந்தோம்” என்றார் குமாஸ்தா.

ஊசிப் புத்தகத்தை அந்தப் பெண்ணே எடுத்து வந்து காட்டினாள். ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கான நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

“என்ன ஜாதி?” என்று சும்மா கேட்டோம்.

“டீக்கடை ஜாதி!” என்றாள்.

“தாய் எங்கே?”

“அங்கேயே இருக்கு அங்கிள். நேத்துகூடப் பார்த்துட்டு வந்தோம். பொறை போட்டோம்.”